7. கணினி பழுதானால் கடைக்காரரிடம் என்ன கேட்கலாம்?

தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ கணினி வாங்கப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி பழகியிருக்கும். விலை பேசி முடிந்து கடைக்காரர் கால்குலேட்டரைக் கீழே வைக்கும்போது கேட்பார்: “பில்லோடயா சார், பில் இல்லாமலா?” பில் என்றால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூடும். 50,000 ரூபாய்ப் பொருளுக்கு 9,000 ரூபாய். எல்லாக் கடையும் இப்படிக் கேட்பதில்லை. கேட்கிற கடையில் அந்த 9,000 ரூபாயை மிச்சம் பிடிப்பவர்கள், இந்த அத்தியாயத்தில் வரும் உரிமைகளில் பாதியைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

பில் இல்லாவிட்டால் வழக்கே போட முடியாது என்பதில்லை. பில் தராமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு. யு.பி.ஐ.யில் பணம் போன பதிவு, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட், அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஆகியவற்றை வைத்தும் வாதாடலாம். சிக்கல் என்னவென்றால், யு.பி.ஐ. பதிவு பணம் போனதைத்தான் காட்டும், எந்தப் பொருளுக்குப் போனது என்பதைக் காட்டாது. “அது என் கடைச் சரக்கே இல்லை” என்று எதிர்த் தரப்பு சொல்லிவிட்டால், அதை உடைப்பதற்கே உங்கள் வழக்கில் பாதிக் காலம் போய்விடும்.

பில் வாங்கினாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கடையை விட்டு இறங்குவதற்கு முன் படியுங்கள். ‘கம்ப்யூட்டர் செட் 1’ என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ்., கிராஃபிக்ஸ் கார்டு எனத் தனித்தனியாக, மாடலும் சீரியல் எண்ணும் வாரண்டிக் காலமும் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தரச் சுணங்கினால் பெட்டிகளைக் கடை மேசைமேல் அடுக்கி, கடையின் பெயர்ப் பலகையோ பில்லோ தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்லில் இருக்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணும் உங்களுக்கு ஆயுதம்தான். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33 என்று தொடங்கும். அடுத்த 10 எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் ஆங்கில எழுத்து ‘பி’ என்றால் தனி ஆள், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர் வரும். பெயர்ப் பலகையில் என்ன பெயர் இருந்தாலும் நோட்டீஸும் புகாரும் இந்தப் பெயருக்குத்தான் போக வேண்டும். கடையை மூடிவிட்டு வேறு தெருவில் வேறு பெயரில் திறந்தவரைப் பிடிக்கவும் இதுதான் வழி.

எது பழுது, எது இல்லை

சட்டம் ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் மிகவும் அகலமானது. பொருள் ஓடாமல் நின்றால்தான் குறைபாடு என்றில்லை. தரம், அளவு, திறன் எதிலாவது, சட்டப்படியோ பேசியபடியோ வணிகர் சொன்னபடியோ இல்லாவிட்டாலும் குறைபாடுதான். 16 ஜி.பி. ரேம் என்று சொல்லி 8 ஜி.பி. போட்டுக் கொடுத்தால், கணினி ஜோராக ஓடினாலும் அது குறைபாடுள்ள பொருள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இதையே வேறு விதத்தில் சொல்கிறது. விவரித்துச் சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்றது சந்தையில் விலைபோகக்கூடிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது 16-ஆம் பிரிவு. பில்லில் எழுதாவிட்டாலும் இவை ஒப்பந்தத்தில் உண்டு.

அதே 16-ஆம் பிரிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது. பொருளை நீங்கள் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது. மானிட்டரில் விழுந்த கீறல் இந்த வகை. உள்ளே ஒளிந்திருக்கும் குறைக்கு இது பொருந்தாது.

ஒளிந்திருக்கும் குறைகளில் இன்றைக்கு அதிகம் ஏமாற வைப்பது, பழைய பொருளைப் புதியதென்று விற்பது. எஸ்.எஸ்.டி.யும் ஹார்டு டிஸ்க்கும் எத்தனை மணி நேரம் ஓடின என்பதைத் தமக்குள்ளேயே குறித்துவைக்கும். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ என்று ஒரு வரி தெரியும். பெட்டி உடைத்த அன்று அது ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 4,000 என்று இருந்தால் அந்த டிஸ்க் ஏதோ ஒரு அலுவலகத்தில் அரை வருடம் இரவு பகலாக ஓடிவிட்டு வந்திருக்கிறது. அந்தத் திரையைத் தேதி தெரிய அன்றைக்கே படம் பிடித்து வையுங்கள். இந்த எண்ணையும் அழித்துவிடுகிற கில்லாடிகள் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைஸே பத்திரிகை வெளிக்கொண்டுவந்த விவகாரத்தில், புதியவை என்று கடைகளில் விற்ற சீகேட் ஹார்டு டிஸ்க்குகளில் வழக்கமான மணிக்கணக்கு பூஜ்ஜியமாக்கப்பட்டிருந்தது. டிஸ்க்கின் உள்ளேயே இருந்த இன்னொரு பதிவேடுதான் ஆயிரக்கணக்கான மணி நேர ஓட்டத்தைக் காட்டிக்கொடுத்தது. சீரியல் எண்ணை உற்பத்தியாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. வாரண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் சந்தேகம் உறுதிப்படும்.

ரீஃபர்பிஷ்டு என்று சொல்லியே விற்றால் அதில் தப்பில்லை. ஆறு மாத வாரண்டி என்று சொன்னால் ஆறு மாதம் கடை பொறுப்பு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது அதே 2(47) பிரிவின்படி நேர்மையற்ற நடைமுறை. வாங்கியவரின் மனசு மாறியதற்கு இது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று எந்த நுகர்வோர் ஆணையமும் பணம் வாங்கித் தராது.

தாம்பரம் பக்கத்துக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நனைந்த கணினிக்கு வாரண்டி கிடையாது. அதற்குக் காப்பீடு இருந்தால் அதுதான் வழி. ஆனால் இதையே சாக்காக வைத்து, மாடியில் காய்ந்து கிடந்த லேப்டாப்புக்கும் ‘லிக்விட் டேமேஜ்’ என்று எழுதித் திருப்பிவிடுகிற சர்வீஸ் சென்டர்களும் இருக்கின்றன. எந்தப் பாகத்தில் ஈரம் பட்டது என்று போர்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், படம் எடுங்கள், அந்த முடிவை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன மறுப்புக்கு வழக்கில் மதிப்பே இல்லை.

கடையா, கம்பெனியா

“கம்பெனிக்காரன்கிட்ட கேளுங்க சார், நாங்க வித்ததோட சரி.” இந்த வசனம் சட்டப்படி தவறு. பணம் வாங்கியவர் கடைக்காரர், ஒப்பந்தம் அவரோடுதான். கம்பெனி தரும் வாரண்டி அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் உரிமை. அசெம்பிள்டு கணினி என்றால் கடைக்காரரின் நிலைமை இன்னும் இறுக்கமானது. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துகிறவரையும் ‘உற்பத்தியாளர்’ என்றே நுகர்வோர் சட்டம் கணக்கில் எடுக்கிறது. கடையில் பூட்டிக் கொடுத்த கணினிக்கு அந்தக் கடையேதான் கம்பெனி.

புகார் என்று வந்துவிட்டால் கடை, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளர், சர்வீஸ் சென்டர் மூவரையும் சேர்த்துவிடுங்கள். 2021-இல் டாடா மோட்டார்ஸ் – அந்தோனியோ பாவ்லோ வாஸ் வழக்கில், டீலர் பழைய மாடல் காரைத் தலையில் கட்டியதற்கு, அது உற்பத்தியாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிக்காமல் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். கார் வழக்குதான் என்றாலும் கணினிக்கும் இதே தர்க்கம். ஒருவரை மட்டும் இழுத்தால் அவர் இன்னொருவர் பக்கம் கையைக் காட்டிவிடுவார்.

இணையத்தில் வாங்கியிருந்தால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் உங்கள் பக்கம். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பவரின் பெயர், முகவரி தளத்தில் இருக்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது லேபிளிலிருந்து தொடங்கி, வெட்டாத ஒரே வீடியோ எடுத்துவையுங்கள். லேப்டாப்புக்குப் பதில் சோப்புக்கட்டி வந்தது என்று சொல்லும்போது அது ஒன்றுதான் கைகொடுக்கும்.

சார்ஜர் வெடித்து மேசை எரிந்தது, கையில் காயம் என்றால் விஷயம் வேறு. அது ‘பொருள் பொறுப்பு’ என்று சட்டத்தின் 82-ஆம் பிரிவிலிருந்து வரும் தனி அத்தியாயத்தில் போகும். லேப்டாப், அடாப்டர், பவர் பேங்க் ஆகியவற்றுக்கு பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவு உண்டு. லேபிளில் அந்த முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் இல்லாத அடாப்டரை விற்ற கடைக்காரர் தப்பிப்பது கடினம்.

அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைப் பற்றியும் பலர் கேட்பதால் ஒரு வரி: விலை கொடுத்து வாங்கியவர்தான் நுகர்வோர், எனவே அது இந்தச் சட்டத்துக்குள் வராது.

நீங்கள் ‘நுகர்வோர்’தானா?

தொழில் செய்கிறவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் இல்லை. இதற்கு இலக்கணம் வகுத்த வழக்கு நம் கோயம்புத்தூர்ச் சரக்கைப் பற்றியதுதான். பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் விற்ற, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரம் தாமதமாகவும் குறையோடும் வந்தது என்று லக்ஷ்மி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் வழக்குப் போட்டது. மாநில ஆணையத்தில் வென்று, தேசிய ஆணையத்தில் தோற்று, 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. இயந்திரத்தில் குறை இருந்ததா என்பது அங்கே முடிவாகவில்லை. வாங்கியவர் நுகர்வோர் இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பே ஒரு கதவையும் திறந்துவைத்தது. தன் பிழைப்புக்காக, சுயதொழிலாக, தானே பயன்படுத்த வாங்கியவர் வணிகத்துக்கு வாங்கியிருந்தாலும் நுகர்வோர்தான். தட்டச்சு வேலை செய்து பிழைப்பவர் வாங்கிய தட்டச்சுப்பொறியை உதாரணம் காட்டியது நீதிமன்றம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒற்றைக் கணினியோடு உட்கார்ந்து பத்திரம் அடித்துக் கொடுப்பவர், வீட்டிலிருந்து டிசைன் செய்யும் பெண், ஒரு பிரிண்டரோடு ஜெராக்ஸ் கடை நடத்துபவர் எல்லோரும் அந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம். மனுவில் அதை வெளிப்படையாக எழுத வேண்டும்: “என் குடும்பப் பிழைப்புக்காக, சுயதொழிலாக, நானே பயன்படுத்த வாங்கினேன்.” இந்த வரி விட்டுப்போனதால் விழுந்த வழக்குகள் ஏராளம். பத்துப் பேரை வேலைக்கு வைத்து முப்பது கணினி வாங்கிய அலுவலகம் இந்த வழியைக் கனவு காண வேண்டாம். 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில், நிறுவனத்தின் வேலைகளைத் தானியங்கியாக்க வாங்கிய மென்பொருளும் வணிக நோக்கமே என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்படிப்பட்டவர்களுக்கு உரிமை இயல் நீதிமன்றம் இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் கீழ் 3 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 40,000 ரூபாய்க்கு அது லாபமா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் கணக்கில் இல்லை.

முதல் வாரங்களில் செய்ய வேண்டியது

நுகர்வோர் வழக்கு ஆணையத்தில் ஜெயிக்கப்படுவதைவிட, பழுது தெரிந்த முதல் சில வாரங்களில் சேரும் காகிதத்தில்தான் அதிகம் ஜெயிக்கப்படுகிறது. பிரிட்டனின் 2015 நுகர்வோர் சட்டத்தில் முதல் ஆறு மாதத்தில் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். நம் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்.

அதனால் ஒவ்வொரு முறை பழுதுக்குக் கொடுக்கும்போதும் ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் நீங்கள் சொன்ன குறை சொன்னபடியே இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘ஆன் ஆகி 10 நிமிடத்தில் திரை அணைகிறது, மூன்றாம் முறை’ என்று எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது என்ன பாகம் மாற்றினார்கள், எந்தத் தேதி என்பதும் எழுத்தில் வேண்டும். ஒரே குறைக்கு மூன்று ஜாப் ஷீட் இருந்தால் நிபுணர் அறிக்கைக்கு அடுத்த பலம் அதுதான். கொடுப்பதற்கு முன் உங்கள் கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள், அழிந்த தரவுக்கு வாரண்டி எதுவும் பொறுப்பேற்காது. வெளியில் வேறு மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கவும் கொடுக்காதீர்கள். சீல் உடைந்தால் கடைக்கும் கம்பெனிக்கும் கொண்டாட்டம்.

இரண்டாவது முறையும் சரியாகவில்லை என்றால் நோட்டீஸ். வக்கீல் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

“நான் … தேதியில் உங்கள் கடையில் பில் எண் … மூலம் … மாடல் லேப்டாப்பை (சீரியல் எண் …) ரூ. … கொடுத்து வாங்கினேன். வாங்கிய 12-ஆம் நாளிலிருந்து திரை தானாக அணைகிறது. … , … ஆகிய தேதிகளில் பழுது நீக்கக் கொடுத்தும் சரியாகவில்லை. ஜாப் ஷீட் நகல்கள் இணைப்பு. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் அதே மாடலில் புதிய பொருள் தாருங்கள் அல்லது முழு விலையைத் திருப்பித் தாருங்கள். தவறினால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்வேன். செலவும் இழப்பீடும் உங்களைச் சேரும்.”

திட்டு வேண்டாம், ‘ஏமாற்றுக்காரர்’ என்ற சொல்லும் வேண்டாம். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் அதனோடு இணைந்துவிட்டது. அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்.

கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். தமிழிலேயே பேசலாம். இது நீதிமன்றம் இல்லை, யாருக்கும் உத்தரவு போடாது. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கும். பெரிய பிராண்டுகள் இதற்கே பல முறை இறங்கி வந்துவிடும். தெருமுனைக் கடை இறங்காது.

ஆணையத்துக்குப் போனால்

நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. ரிச்சி தெருவில் வாங்கினாலும், பெங்களூர் விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினாலும், தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆணையம். வேளச்சேரி, அடையாறு பக்கம் சென்னை (தெற்கு). 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஈ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம், காணொலி விசாரணைக்கும் அனுமதி கேட்கலாம்.

காலக்கெடு 2 வருடம். “அடுத்த வாரம் பாகம் வந்துடும் சார்” என்று இழுத்தடிக்கப்படும்போது இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எதிர்த் தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று 2020 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்துவைத்தது. வழக்கை 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அது தாண்டிப் போகும், மனதளவில் தயாராக இருங்கள்.

சோதனை அவசியமா? ஓடவே ஓடாத கணினிக்கும் மாறிப்போன மாடலுக்கும் தேவைப்படாது. வந்து வந்து போகிற குறைக்குத் தேவைப்படும். அப்போது 38-ஆம் பிரிவின் கீழ் ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீங்களே மனு கொடுங்கள்.

என்ன கேட்கிறீர்கள் என்பதை அடுக்கடுக்காக எழுதுங்கள்: முதலில் பணம், இல்லாவிட்டால் புதிய பொருள், அதுவும் இல்லாவிட்டால் கட்டணமின்றிப் பழுது நீக்கமும் நீட்டித்த வாரண்டியும், எதுவானாலும் இழப்பீடும் செலவும். 2006-இல் மாருதி உத்யோக் – சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில், குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவேன் என்றுதான் வாரண்டி சொல்கிறது என்பதால் முழுக் காரையும் மாற்றச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ரேம் போனதற்கு லேப்டாப்பின் முழு விலையை மட்டும் கேட்டு நின்றால் அதே கதி நேரலாம். 40,000 ரூபாய்ப் பொருளுக்கு 10 லட்சம் மன உளைச்சல் கேட்பதும் உங்கள் மதிப்பைத்தான் குறைக்கும்.

உத்தரவு வந்த பிறகும் பணம் தராவிட்டால் 71-ஆம் பிரிவின் கீழ் உரிமை இயல் தீர்ப்பைப் போலவே ஜப்தி வரை நிறைவேற்றலாம். 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கடைக்காரர் மேல்முறையீடு செய்ய விரும்பினால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் உங்களுக்குத் தரச் சொன்ன தொகையில் பாதியை அங்கே கட்டிவிட்டுத்தான் அவர் உள்ளே நுழைய முடியும்.